சூலே நிறுத்தத்தில் பனி

தின்கன்ஜூனிலிருந்து கியாக்டடா போகும் டவுன் பஸ்ஸில் எனக்கு முன்னால் நின்ற பெண், ஈரம் காயாத ஓவியம் ஒன்றைத் தலைக்கு மேலே ஏந்தியிருந்தார். வண்ணம் பூசிய பக்கம் கீழே பார்த்தபடி இருந்தது. அடியில் நின்ற எங்களுக்கெல்லாம் பனி தெரிந்தது.

“பனியோட நிழல் நீலம்டா. வெள்ளைன்னு சொல்றவன் பார்க்காதவன்.”

“நீ மட்டும் எங்க பார்த்தேக்கா?” என்றார் கூட வந்த தம்பி.

“மீன் மார்க்கெட்டுல ஐஸ் பாளத்த ரம்பத்தால அறுப்பாங்கல்ல? அந்தத் தூள் குவியுற எடத்துல ரெண்டு மாசம் காலையில போய் உக்காந்து வரைஞ்சேன். மீன்காரங்க எனக்குன்னு ஸ்டூலே போட்டு வெச்சாங்க.”

“ஓட்டல் முதலாளி சயா கேட்டது சீமைத் தெருவுல பனி. நீ நம்ம சூலே பஸ் ஸ்டாப்புல கொட்டி வெச்சிருக்கே. வாங்குவாரா?”

“பனியப் பார்த்தேன், ஸ்டாப்பப் பார்த்தேன். சீமையத்தான் பார்க்கல. பார்க்காதத நான் வரைய மாட்டேன். ஒரு தடவ நின்னு பார்த்தார்னா வாங்குவார்.”

தம்பி மறுபடி அண்ணாந்து பார்த்தார்.

“அதுக்குன்னு கொட்டுற பனியில அத்தனை பேரும் கைலியும் செருப்புமா நிக்கிறாங்களே. குளிராதா?”

“பஸ் வர்ற வரைக்கும்தானே?”

“வரலேன்னா?”

“நிப்பாங்க.” அவர் கையை மாற்றிப் பிடித்துக்கொண்டார். “நம்மாளுங்க நிப்பாங்க.”