இன்னும் வாய் திறக்காத புரதத்தின் அக்காவுக்கு

ஐஸ் பெட்டி ஏந்திய அன்புத் திருவுருவே! பொறுமையின் பொக்கிஷமே! புரியாத புரதம் ஒன்றைப் புரிந்துகொள்ளப் புறப்பட்டு, இருபத்தொன்பது ஆண்டுகள் கழித்தும் புறப்பட்ட அன்றைய வேகம் குறையாத எங்கள் ஆய்வுக்கூட அக்காவே! வணக்கம்.

மனித உடலின் ஒவ்வொரு செல்லிலும் இருப்பது; ஆயினும் மரபணுப் பட்டியலில் ஒரு பெயர்கூட இல்லாமல் வெறும் எண்ணாக நிற்பது; அதை உண்டாக்கும் மரபணுவை நீக்கினால் செல் சாகும், ஏன் என்று கேட்டால் மட்டும் பதில் வராது. அப்படியொரு புரதத்தை நீங்கள் தேர்ந்தெடுத்த நாளில், உடன் சேர்ந்தவர்கள் எல்லாம் பேரும் புகழும் உள்ள புரதங்களைப் பிடித்துக்கொண்டு மேலே போய்விட்டார்கள். நீங்களோ குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "என்ன வேலைதான்டா பாக்குற நீ? எங்கிட்டயாவது சொல்லேன்" என்று கெஞ்சிக்கொண்டிருந்தீர்கள். "என்னை ஒரு நாளாவது இப்படிக் கேட்டிருப்பியா?" என்று வீட்டுக்காரர் குறைப்பட்டதாகக் கேள்வி.

செல்லை உடைத்து வெளியே எடுத்தால் இருபதே நிமிடத்தில் சிதைந்துபோகும் சீமான் அது. ஆகவே ஐஸ் பெட்டியோடு நடைகூடத்தில் நீங்கள் ஓடுவீர்கள். "வழி, வழி!" என்ற குரல் கேட்டதும் இயக்குநர் முதல் குடுவை கழுவுபவர் வரை பல்லிபோல் சுவரோடு ஒட்டிக்கொள்வோம். அந்தக் குரல் இல்லாத நடைகூடத்தில் நடுவே நடக்க எங்களுக்குக் கால் வருமா?

மூன்றாண்டுகளுக்கு முன் நடந்ததை மறைத்தால் இது பொய்மடலாகிவிடும். நம் புரதம் எதனோடு ஒட்டிக்கொள்கிறது என்று தெரிந்தால் அதன் வேலையும் தெரிந்துவிடும் என்று தேடிக்கொண்டிருந்தோம். ஒருநாள், புரதங்களைத் தனித்தனிப் பட்டைகளாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் புதிதாக ஒரு பட்டை தெரிந்தது. "நம்ம பையனுக்கு ஜோடி கெடச்சிருச்சு!" என்று கூத்தாடினோம். வெட்டியெடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினோம். ஒரு வாரத்தில் முடிவு வந்தது: மனிதத் தோல். அதாவது, கிழிந்த கையுறையோடு ஜெல்லைத் தொட்ட, இம்மடலை எழுதும் அடியேனின் பெருவிரல். ஒளிந்துகொள்ள மேசைக்கடியில் இடம் பார்த்த என்னிடம், "விடு தம்பி, உன்னையாவது கண்டுபிடிச்சோமே" என்றீர்கள். அன்று மாலை அந்த ஜெல் படத்தை நீங்கள் தனியே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்ததையும் நான் பார்த்தேன்.

அதே சோதனையைக் கடைசியாக ஒருமுறை இந்தப் புதன்கிழமை தொடங்கினீர்கள். செல்கள் திங்களன்றுதான் தயாராகும். இன்று வெள்ளி, நீங்கள் பணி ஓய்வு பெறும் நாள். மாலையோடு உங்கள் அடையாள அட்டைக்கு இந்த வாசல் திறக்காது. கைதேர்ந்தவர்கள் அத்தனை பேர் நிற்க, குறிப்பேட்டை என்னிடம் நீட்டி, "நீயே எடு. கையுறை ரெண்டு போட்டுக்கோ" என்றீர்கள்.

விடை வருகையில் நீங்கள் பக்கத்தில் இருக்கமாட்டீர்களே என்பது எங்கள் ஏக்கம். வராமலே போய்விடுமோ என்ற உங்கள் ஏக்கத்தை இனி நாங்களும் பங்குபோட்டுச் சுமப்போம்.

அருமை அக்காவே! உங்கள் உடலின் ஒவ்வொரு செல்லிலும் இந்தக் கணமும் அந்தப் புரதம் ஏதோ ஒரு வேலை செய்துகொண்டிருக்கிறது. அது எதுவாயினும் நூறாண்டு குறைவின்றிச் செய்யட்டும்! எங்களிடம் சொல்லாவிட்டாலும் போகிறது.

திங்கட்கிழமை "வழி, வழி!" என்று ஓடப்போவது நான். பழகிக்கொள்வதற்காக, இந்த மடலையே இரண்டு கையுறை போட்டுக்கொண்டுதான் எழுதினேன். எழுத்து அங்கங்கே நடுங்கியிருப்பதற்கு வேறு காரணம் ஒன்றுமில்லை.

என்றும் சுவரோரம் ஒதுங்கி நிற்கும்
உங்கள் ஆய்வுக்கூடத்தார்