கிணற்றுச் சுவரைக் கழிக்கவில்லை

“ஹலோ... ஆபீசர் சாரா?... நான்தான். எங்க இருக்கே?... டிபார்ட்மென்ட்லயா? சட்டையை இன் பண்ணிட்டியா?... நல்லது. வரைபடத்தை இன்னும் கொடுத்துடலியே?... கொடுக்காத. மேசையை விட்டு எடுக்காத.”

தோப்புக் கிணற்றின் கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றி நின்றாள். சுற்றுச்சூழல் புவியியலும் வளத் திட்டமிடலும் படிக்கும் கடைசி வருட மாணவி. அவளும் போனில் இருக்கும் வகுப்புத் தோழனும் சேர்ந்து போட்ட நிலத்தடி நீர் வரைபடத்தை நம்பித்தான் நகராட்சி இந்தத் தோப்பில் குப்பை கொட்டப்போகிறது. டிபார்ட்மென்ட்டில் நகராட்சியோடு நடக்கும் இன்றைய கூட்டத்துக்கு ஒரு படம் பிடிக்க வந்தவள், சும்மா அளவுநாடாவைக் கிணற்றுக்குள் விட்டுப் பார்த்தாள். அப்போது ஏறிய கொதிப்பு இன்னும் இறங்கவில்லை.

“தோப்புக் கிணறெல்லாம் நீதானே அளந்தே?... ஆமா, ஆமா, வெயில்ல கருகிப்போனே, மறக்கல. நாடாவை எங்கருந்து விட்டே?... சுவர் மேலருந்து. சரி. சுவர் உயரத்தைக் கழிச்சியா?... ஹலோ, கேக்குதா? கழிச்சியா இல்லியா?... ‘ம்’னா என்னடா ‘ம்’?

“முதல் வருஷம், முதல் களப்பயணத்துல சொல்லிக்கொடுத்ததுடா அது! தரையிலருந்துதான் ஆழம்... மூணடிதானேவா? டேய், வாயில நல்லா வந்துடும். சாண் என்ன முழம் என்னன்னு பேசற படிப்பா நாம படிக்கறது? ஊரே தட்டு மாதிரி கிடக்கு. தோப்புக்கும் பக்கத்துத் தெருவுக்கும் தண்ணி மட்டத்துல வித்தியாசமே ஒண்ணரை அடிதான்.

“குறுக்க பேசாத. கேளு. தெருக் கிணறெல்லாம் தரையோட தரையா பலகை போட்டு மூடினது. அங்க கழிக்க ஒண்ணுமில்ல. இங்க மாடு விழாம இடுப்பளவுக்குச் சுவர். அதையும் ஆழத்தோட சேத்தா, தோப்புத் தண்ணி பள்ளத்துல கிடக்கற மாதிரிதான் தெரியும். தெருவுலருந்து தோப்புக்குன்னு அழகா நீலத்துல அம்பு போட்டியே... அது தலைகீழ்! தண்ணி இங்கருந்துதான் அங்க போகுது. குப்பைச் சாறு நேரா எங்க அக்கா வீட்டுக் கிணத்துல போய் இறங்கும்...

“என்ன சொன்னே? இன்னொரு தடவை சொல்லு... அக்கா வீடுங்கறதால துள்ளறேனா? ஆமாடா, துள்ளத்தான் செய்வேன். அந்தத் தெருவுல மத்தவங்க மட்டும் என்ன, காத்தைக் குடிச்சா உயிர் வாழறாங்க?... பயமா? உனக்கா? படிப்பை முடிக்கறதுக்கு முன்னாடியே ஆபீசர்னு பேர் வாங்கின ஆளு நீ... சரி, நம்ம புரொபசர் சாரைக் கூப்பிடு... மீட்டிங் ரூம்ல இருந்தா என்ன? கூப்பிடு. இல்லேன்னா அங்க வந்து நானே...

“சார்... வணக்கம் சார்... ஆமா சார்... இல்ல சார், கத்தல... சரி, கத்தினேன். அவன் சொன்னானா?... சின்னப் பிழை இல்ல சார். திசையே மாறுது... அப்புறம் திருத்திக்கலாமா? கொட்டின குப்பையை யார் சார் அள்ளுவாங்க, நீங்களா, நானா?”

கடைசி வார்த்தை வாயை விட்டுப் போன பிறகுதான் யாரிடம் பேசுகிறோம் என்பது உறைத்தது. திரும்ப வாங்கிக்கொள்ளத் தோன்றவில்லை.

“புரியுது சார். படத்துல என் பேரும் இருக்கு. வாபஸ் வாங்கினா ரெண்டு பேரும் பெயில்... இன்னொரு வருஷம்... தெரியும் சார், எங்க வீட்டு நெலமை எனக்குத் தெரியாதா? போடுங்க. அவனுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு, முட்டையை நல்லா உருண்டையாவே போடுங்க...

“நாம சொல்லலேன்னா நகராட்சிக்குத் தெரியவா போகுதுன்னா கேக்கறீங்க?... தெரியும் சார். நகராட்சி இன்ஜினியர்கிட்ட சொல்லிட்டுத்தான் இவனுக்கே போன் போட்டேன்... ஆமா, நான்தான் சொன்னேன்... உங்களை மாட்டிவிட இல்ல சார். மாட்டிவிடணும்னா எதுக்கு உங்களைக் கூப்பிடறேன்? அவர் கேக்கறதுக்குள்ள நீங்களே வாயைத் திறந்து சொல்லிட்டா, நம்ம டிபார்ட்மென்ட் மானமாவது மிஞ்சும்னு... சார்?... என்ன சார் சத்தம்?... இன்ஜினியர் வந்துட்டாரா?

“சார், முதல்ல நீங்க பேசுங்க. அவர் உட்கார்றதுக்கு முன்னாடி... ஹலோ?... அவனைப் பேச விடாதீங்க சார், மழுப்பிடுவான், நீங்க...”

மறுமுனை துண்டிக்கப்பட்டது.