எழுநூறு பேர் படிக்கும் காலேஜ்

பர்துபாயில் விசா ஃபாரம் டைப் அடிக்கும் கடை வரிசையில் எனக்கு முன்னால் ஒரு அப்பாவும், ப்ளஸ் டூ முடித்த மகனும் நின்றார்கள்.

“அமெரிக்கால வேற காலேஜே இல்லையா? மொத்தமே எழுநூறு பேர்ங்கற.”

“அங்க ஃப்ராட்டர்னிட்டி இருக்குப்பா. முப்பது பசங்க ஒரே வீட்ல, பிரதர்ஸ் மாதிரி இருப்பாங்க. வாராவாரம் பார்ட்டி.”

“இதுக்கு அமெரிக்கா எதுக்கு? சோனாப்பூர் லேபர் கேம்ப்ல ரூமுக்குப் பத்துப் பேர். எல்லாரும் ஹிந்தில பாய், பாய்னுதான் கூப்பிட்டுக்கறாங்க, அதுவும் பிரதர்தான். வெள்ளிக்கிழமை பிரியாணி. பஸ்சும் கம்பெனியே விடறான்.”

வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். மகன் சிரிக்கவில்லை.

“நீங்க கம்பெனி மாறினப்பல்லாம் நான் ஸ்கூல் மாறினேன். நாலு ஸ்கூல். போன பர்த்டேக்கு வந்ததெல்லாம் உங்க ஆபீஸ் அங்கிள்ஸ்தான்.”

அப்பா கையிலிருந்த அட்மிஷன் காகிதத்தை மடித்தார்.

“கேட்டா உடனே சேர்த்துப்பாங்களா?”

“பழகிப் பார்ப்பாங்க. புடிச்சிருந்தா சேர்த்துப்பாங்க.”

“புடிக்கலைன்னா?”

மகன் தரையைப் பார்த்தான்.

“புடிக்கும்டா” என்றார் அப்பா.

அவர்கள் முறை வந்தது. டைப் அடிப்பவர் காலேஜ் பெயரைக் கேட்டார். அப்பாவே, காகிதத்தைப் பார்க்காமல், எழுத்தெழுத்தாகச் சொன்னார்.