எல்லாம் திரையில் தெரிகிறதாம்

இந்த ஊழியர் சபைக்குத் தலைமையேற்றிருக்கும் தலைமை மருத்துவர் அவர்களே, மேடையை நிறைத்திருக்கும் மருத்துவப் பெருமக்களே, கண்ணுறக்கம் மறந்து கடமையாற்றும் செவிலித் தாய்மார்களே, வேலை பார்த்த கையோடு வந்திருக்கும் தோழர்களே! உங்களில் ஒருவர் முகத்தையும் நான் கண்டதில்லை. ஆனால் ஒவ்வொருவர் குரலும் எனக்கு மனப்பாடம். இந்த மருத்துவமனையின் தொலைபேசி மேசையில் பத்தொன்பது ஆண்டுகளாக அமர்ந்திருக்கும் உங்கள் 'ஹலோ அக்கா' வணங்குகிறேன்.

பார்வையில்லாத நான் எப்படிப் பணிபுரிந்தேன்? திரையில் இருப்பதையெல்லாம் என் கணினி எனக்கு வாசித்துக் காட்டியது. போன வாரம் எல்லா மேசைக்கும் புதுக் கணினி வந்தது. அதற்குள் இருக்கும் செயலி, அதாவது பிராசசர், வேறு வகை. மின்செலவு பாதி, சூடில்லை, சத்தமில்லை. நல்லதுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் பழைய செயலிக்கு ஒரு பாஷை, புதுச் செயலிக்கு வேறு பாஷை. பழைய மென்பொருள்கள் ஓட, நடுவே ஒரு மொழிபெயர்ப்பாளரை உட்கார வைத்திருக்கிறார்கள்; அதுவும் ஒரு மென்பொருள்தான். மருந்துப் பட்டியல் ஓடுகிறது, மாத்திரைச் சீட்டு ஓடுகிறது. என் வாசிப்பு மென்பொருளோ கணினியின் அடிவயிற்றில் வேலை செய்வது. அங்கே அந்த மொழிபெயர்ப்பாளருக்கு அனுமதியில்லை. என் கணினி வாயடைத்துப் போனது.

சோதிக்கவில்லையா என்கிறீர்களா? சோதித்தார்கள். படிவத்தில் ஒரே கேள்வி: 'திரையில் தெரிகிறதா?' என் மேசைக்கும் 'ஆம்' போட்டிருக்கிறார் பொறியாளர். "எல்லாம் நல்லா தெரியுதேக்கா" என்றார். "உங்களுக்குத் தெரியுது தம்பி" என்றேன். சிரியுங்கள், தவறில்லை. எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

புதுக் கணினி வைத்த செவ்வாய்க்கிழமை, நண்பகல். பிரசவ அறையிலிருந்து அழைப்பு. "அக்கா, மயக்க மருந்து டாக்டர் இன்னைக்கு யாரு? உடனே லைன் போடுங்க, ரத்தம் நிக்க மாட்டேங்குது." அது தினமும் மாறும் பட்டியல்; திரையில்தான் இருக்கிறது. விசையை அழுத்தினேன். மௌனம். மறுபடி அழுத்தினேன். மௌனம். "அக்கா, இருக்கீங்களா?" இருந்தேன், தோழர்களே. நான் போட்ட கூச்சலில் வாசல் காவலர் ஓடிவந்து வாசித்துச் சொல்வதற்குள் நான்கு நிமிடம் போய்விட்டது. தாயும் பிழைத்தாள், சேயும் பிழைத்தது. பிழைத்ததால்தான் இங்கே நிற்க எனக்குத் துணிவிருக்கிறது.

அன்று மாலையே பழைய கணினியைத் திரும்பக் கொண்டுவந்து வைத்தார்கள். ஆனால் வருகிற திங்கட்கிழமை அது வெளியே, எனக்குக் கோப்பு அறைக்கு மாற்றம். ஆணை தலைமை மருத்துவரின் கையெழுத்துக்குக் காத்திருக்கிறது. வாசிப்பு மென்பொருளைப் புதுச் செயலிக்காக எழுத ஓராண்டு ஆகுமாம். "ஒரே ஒரு பழைய பெட்டிக்காகத் தனியா பராமரிப்பு பார்க்க முடியாதும்மா" என்கிறார் கொள்முதல் அதிகாரி. மின்சாரம் மிச்சம் என்றீர்களே ஐயா, அந்த நான்கு நிமிடம் யார் தலையில்?

நான் கேட்பது சலுகையா? இல்லை. சம்பள உயர்வா? இல்லை. அந்த ஓராண்டும் என் பழைய கணினி என் மேசையில் இருக்கட்டும். இனி எதைச் சோதித்தாலும், அதில் வேலை செய்கிறவரை உட்கார வைத்துச் சோதியுங்கள்.

யாரோ என் கையில் ஒரு சீட்டைத் திணிக்கிறார்கள். தலைவர் அனுப்பியதா? நேரம் முடிந்தது என்று எழுதியிருக்கிறதா? தெரியவில்லையே ஐயா, யாராவது வாசித்துச் சொல்லுங்கள். இந்த மேடையில் எனக்கு ஓர் ஆள் தேவைப்படுகிறது. அந்தச் செவ்வாய்க்கிழமை தவிர, பத்தொன்பது ஆண்டுகளாக என் மேசையில் எனக்கு ஆள் தேவைப்பட்டதே இல்லை.

பொறுமையாய்க் கேட்ட செவிகள் அனைத்துக்கும் நன்றி. வணக்கம்.