ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால்

நின்றுகொண்டே பேசுகிறேன் ஐயா, தப்பாக நினைக்காதீர்கள். கொஞ்ச நாளாக எனக்கு உட்கார வரவில்லை. உட்கார்ந்தால் அடியில் பலகை ஆடுகிற மாதிரி இருக்கிறது. வெளியே மரத்தடியில் நிற்கிறாளே, அவள் என் மகள் டோரிக்கா. அந்த ஜன்னலை மட்டும் சாத்திவிடுங்கள்.

என் பெயர் கெசியா. புன்யோனி ஏரிக்கரைச் சபையில் பெண்கள் ஜெபக் கூட்டத்தை நடத்துவது நான்தான். எங்களைப் பற்றி உங்களுக்குத் தெரியும். இரட்சிக்கப்பட்டவர்கள் பாவத்தை மூடிவைக்க மாட்டோம். எல்லார் முன்னாலும் எழுந்து நின்று, இன்னாரோடு சேர்ந்து இன்னது செய்தேன் என்று பெயரோடு சொல்லிவிட வேண்டும். அப்போதுதான் இயேசுவின் இரத்தம் கழுவும். சொல்லாத பாவம் காலில் கட்டிய கல், கடைசி நாளில் எழுந்திருக்க விடாது என்று எத்தனையோ பெண்களுக்கு நானே போதித்திருக்கிறேன்.

என் புருஷன் ஜபுலோனி ஏரியில் மூழ்கியது விபத்து என்று உங்கள் போலீஸ்காரர்கள் எழுதிக்கொண்டு போனார்கள். விபத்தில்லை. படகை நான்தான் கவிழ்த்தேன். காரணம் இருக்கிறது, பொறுமையாகக் கேளுங்கள்.

அவர் கெட்டவர் இல்லை, நிலையில்லாதவர். பலமுறை இரட்சிக்கப்பட்டார். ஒவ்வொரு முறையும் அடுத்த சந்தை நாளுக்குள் சோளக் கள்ளின் வாசம் அவரை இழுத்துக்கொண்டு போய்விடும். "ஜபுலோனி ஞாயித்துக்கிழமை செம்மறி, சந்தை நாள்ல வெள்ளாடு" என்று ஊரே சிரிக்கும். எனக்குச் சிரிப்பு வராது. கடைசித் தீர்ப்பில் வெள்ளாடுகளை நரகத்தின் பக்கம்தான் நிறுத்துவார்கள் என்று எனக்குத் தெரியும்.

டோரிக்காவைப் பெற்றவள் அவருடைய முதல் மனைவி பெரகியா. அவள் இருக்கும்போதே நான் இரண்டாவதாக வந்தவள். குழந்தைக்குப் பல் முளைக்கும் முன்பே பெரகியா கிழங்கு மூட்டையோடு படகிலிருந்து விழுந்துவிட்டாள். உடல் கிடைக்கவில்லை. ஒருவனுக்கு ஒருத்தி என்பது சபைச் சட்டம். அதனால் அதற்குப் பிறகுதான் எங்களுக்கு மோதிரம் போட்டுச் சேர்த்துக்கொண்டார்கள். எனக்குப் பிள்ளை பிறக்கவில்லை. டோரிக்கா அம்மா என்று கூப்பிட்டது என்னை மட்டும்தான். அந்த ஒரு சொல்லுக்காக நான் எதையும் செய்வேன் என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள், நல்லபடியாகத்தான்.

படகு கவிழ்ந்த அன்றைக்குத் தீவில் பெரிய ஜெபக் கூட்டம். ஜபுலோனி எழுந்து நின்றார். குடித்ததை, என்னை அடித்ததை, அண்டை வீட்டு அவரைக்காய்த் தோட்டத்தில் வரப்பை நகர்த்தியதை எல்லாம் சொல்லி அழுதார். எல்லாரும் கட்டிப்பிடித்துப் பாடினோம். கிழவர் எரியாபு அவர் முதுகில் தட்டினார்.

"இந்தத் தடவையாவது சந்தையைத் தாண்டுவியாடா?"

"தாண்டுவேண்ணே. இந்தத் தடவை அடிவரைக்கும் கழுவியாச்சு."

"அடிவரைக்குமா? பானையைக் கவுத்துப் பாத்தாத்தான் தெரியும்."

டோரிக்கா கூட்டத்தில் பாத்திரம் கழுவிவிட்டு அடுத்த படகில் வருவதாகச் சொன்னாள். நாங்கள் இருவர் மட்டும் கிளம்பினோம். பனி இறங்கிக்கொண்டிருந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன். துவைத்து வெயிலில் போட்ட துணி மாதிரி இருந்தது. மழை வரப்போகிறது என்று தெரிந்தால் துணியை யாராவது வெளியே விட்டுவைப்பார்களா? எடுத்து உள்ளே வைத்தேன், அவ்வளவுதான்.

நான் தீவில் பிறந்தவள், நீந்துவேன். அவர் மலைக்காரர். கவிழ்ந்த படகைப் பற்றிக்கொண்டார். விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். கூடவே கூட்டத்தில் பாடிய பாட்டைப் பாடினேன், கடைசியாகக் காதில் அது இருக்கட்டும் என்று. நீங்கள் இதைக் கொலை என்று எழுதிக்கொள்ளலாம். பரலோகத்தில் வேறு பெயர் வைத்திருப்பார்கள்.

உடல் கிடைத்தது. மரித்தவர்கள் எழும்பும் நாளில் கிழக்கு நோக்கி நேராக எழும்பும்படி மலைமேல் வைத்தோம். மண் போட்டு முடித்ததும் டோரிக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா சுத்தமாத்தானேம்மா போயிருக்கார்? எக்காளம் ஊதுறப்ப என்னைப் பெத்தவங்களும் ஏரியிலேருந்து எழுந்து வருவாங்க இல்ல? ரெண்டு பேரும் பேசிக்குவாங்க."

பேசிக்கொள்வார்கள். அன்றிலிருந்துதான் எனக்கு உட்கார வரவில்லை. அடுப்படிக்கும் வாசலுக்கும் நடக்கிறேன். களை இல்லாத தோட்டத்தைக் கொத்துகிறேன்.

"வழியில அப்பா ஏதாவது சொன்னாராம்மா?" என்றும் கேட்டாள். பாடிக்கொண்டே வந்தார் என்றேன். அது முழு உண்மை இல்லை. பாதி ஏரி வந்ததும் பாட்டை நிறுத்தினார்.

"கெசியா, இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு."

"என்ன பாக்கி?"

"பெரகியா விஷயம். டோரிக்கா முகத்தைப் பாத்ததும் இன்னைக்கு நாக்கு எழும்பல. வர்ற ஞாயித்துக்கிழமை சொல்லிடுறேன்."

"தேவனுக்குத்தான் தெரியுமே. அது போதாதா?"

"பிள்ளைக்குத் தெரியாதே. நீயும் என்கூட எழுந்து நில்லு. அன்னைக்கு அவளைத் தள்ளின துடுப்பு உன் கையில. கைய நீட்டாம பாத்துக்கிட்டு இருந்தது நான். ரெண்டு பேருமாச் சொல்லிடுவோம், கெசியா. நிம்மதியாத் தூங்கலாம்."

மழை வரும்போல இருந்தது அப்போதுதான்.

இப்போது என் கவலை உங்களுக்குப் புரியும். அவர் அந்த ஒன்றைச் சொல்லாமல் போய்விட்டார். என் போதனைப்படி பார்த்தால் காலில் கல் இருக்கிறது, எழுந்திருக்க முடியாது. மனைவியாக நான் செய்யக்கூடியது அவருக்குப் பதிலாகச் சொல்வதுதான். அதற்காகத்தான் கூப்பிடாமலே வந்தேன். எழுதிக்கொள்ளுங்கள்: ஜபுலோனி தன் முதல் மனைவி மூழ்கும்போது கையை நீட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அது அவர் பாவம். என்னுடையது என்று தனியாக எழுத ஒன்றுமில்லை. நான் எப்போதோ கழுவப்பட்டவள்.

அவரைப் பரலோகத்துக்கு அனுப்பியதை டோரிக்காவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன். ஜெபிக்கிற பெண், புரிந்துகொள்வாள். நீங்கள் அவளைக் கூப்பிட்டால் அப்பாவின் பங்கை மட்டும் படித்துக் காட்டுங்கள். துடுப்பு யார் கையில் இருந்தது என்பதை விட்டுவிடுங்கள் ஐயா. அவளுக்கு வேறு அம்மா கிடையாது.