மணலுக்குக் காது கொடுத்த எழுத்தருக்கு

மைக்கூடும் மௌனமும் மாறாத் துணையாய், மூலை மேசையே முழு உலகாய், முப்பதாண்டு எழுதி இன்று ஓய்வு பெறும் எங்கள் எழுத்தரே! அடக்கத்தின் உறைவிடமே! அருகில் இருந்தும் அறியப்படாதவரே! வணக்கம்.

சற்று முன் கூடத்தில், காவல் தலைவர் முன்னிலையில் வாசித்த மடல் ஊருக்கு. கதவைத் தாழிட்டு வாசிக்கும் இது உங்களுக்கு. இதைச் சட்டம் போட்டு மாட்ட முடியாது; பொறுத்தருள்க.

எழுதத் தெரியாதோர் சொல்லச் சொல்ல எழுதிக் கொடுத்தீர்கள். மாமியார் மீது மருமகள் சொன்னதை எழுதிய அதே பேனாவால், மருமகள் மீது மாமியார் சொன்னதையும் எழுதினீர்கள். ஒரு புருவமும் உயரவில்லை. நீங்கள் விடுப்பு எடுத்தால்கூட மறுநாள்தான் எங்களுக்குத் தெரியும்.

நம் நாட்டில் மை உலரத் தூவும் மணல், ஈரத்தோடு சொல்லையும் உறிஞ்சிக்கொள்ளும். ஜாடியில் அடைத்துக் காதில் வைத்தால் எழுதியதை அப்படியே ஒப்பிக்கும். ஆகவே அன்றாட மணலை அன்றே ஆற்றில் கொட்ட வேண்டும் என்பது அலுவலக விதி. அந்த வேலையை நீங்களே வலியக் கேட்டு வாங்கியபோது, "பாவம், மனுஷன் எதுக்கும் முகம் கோண மாட்டாரு" என்று நெகிழ்ந்தோம். நீங்கள் ஒரு பிடியும் கொட்டவில்லை என்பதும், கோட்டையிலுள்ள அரசு உங்களை இங்கே அமர்த்தியதே அந்த வேவுக்குத்தான் என்பதும் எங்கள் புத்திக்கு எட்டவில்லை.

எட்டியது, நம் எழுத்தகத்தில் முத்திரை வைக்கும் அம்மாவின் தம்பி படையைவிட்டு ஓடிவந்த ஆண்டில். அவன் ஒளிந்திருக்கும் இடத்தை அம்மா உங்களை எழுதச் சொன்ன ஒரு கடிதத்தில் சொல்லியிருந்தார். அந்த மணலைக் கேட்டு வந்தார் காவல் தலைவர். நீங்கள் ஜாடியை நீட்டினீர்கள்.

"வெங்காயம் ரெண்டு மூட்டை அனுப்பு. அழுகல் இருந்தா திருப்பி அனுப்பிடுவேன்" என்றது மணல்.

"அந்தம்மா எழுதச் சொன்னது இதுதாங்க" என்று தலையைச் சொறிந்தீர்கள்.

எங்கள் பேச்சையெல்லாம் சேர்த்தவர் நீங்கள் என்பதும், சேர்த்ததைக் கொடுக்காதவர் என்பதும் அன்றுதான் ஒருசேரத் தெரிந்தன. பிறகும் பல ஆண்டு உங்களோடு டீ குடித்தோம். பயமும் இருந்தது, மறைப்பானேன்? ஓய்வு நாளன்று ஜாடிகள் அனைத்தையும் கோட்டையில் ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவு வந்ததும் எங்களில் பலருக்குச் சோறு இறங்கவில்லை.

நேற்று ஊராரின் மணலை ஆற்றில் கரைத்துவிட்டு, எங்கள் ஒவ்வொருவர் மேசையிலும் அவரவர் மணலை வைத்தீர்கள். "நீங்களே கொட்டிடுங்க" என்றீர்கள். முப்பதாண்டில் நீங்கள் இட்ட ஒரே கட்டளை அது. கொட்டினோம். சிலர் அழுதோம்.

இப்போது காவல் தலைவரின் வண்டி, ஜாடிகளோடு கோட்டை மேடு ஏறிக்கொண்டிருக்கிறது. அத்தனையிலும், அன்றுபோல நீங்களே எழுதி உலர்த்திய வெங்காயம். அவர் காதில் வைத்துப் பார்ப்பதற்குள் நீங்கள் அக்கரை சேர்ந்தாக வேண்டும். மடல் சுருங்கியது அதனால்தான். பின்வாசல் படித்துறையில் படகு நிற்கிறது. துடுப்பைப் பிடித்திருப்பவன் முத்திரை அம்மாவின் தம்பி.

எங்கள் பரிசு இந்தச் சிறு ஜாடி. இம்மடலை உலர்த்திய மணல் இதில் இருக்கிறது. எங்கள் அத்தனை பேரையும் தூக்கில் ஏற்ற இது ஒன்றே போதும். கேட்காமலே எடுத்துக்கொண்டவர் நீங்கள். இதை மட்டும் நாங்களாகத் தருகிறோம்.

எவர் பேச்சையும் சேர்த்துவைக்க வேண்டாத ஊரில், நோயின்றி நெடுநாள் வாழ்க!

இங்ஙனம்,
பின்கதவைத் திறந்து பிடித்தபடி நிற்கும்
எழுத்தகப் பணியாளர்கள்