உண்ணிக் காய்ச்சலுக்கு லக்கேஜ் டிக்கெட்

"எனக்கு ஒரு டிக்கெட், இதுக்கு ஒரு லக்கேஜ்" என்றாள் எனக்கு முன்சீட்டில் இருந்த பெண். புன்னைக்காயலிலிருந்து தூத்துக்குடி போகும் காலை பஸ். அவள் மடியில் மீன் கூடை, மேலே துண்டு. துண்டுக்கு வெளியே ஒரு செவலை நாயின் காது தெரிந்தது.

"நாயெல்லாம் ஏத்தக் கூடாதுக்கா" என்றார் கண்டக்டர்.

"நாறுத மீன ஏத்துதிய. இது நாறக்கூட இல்ல."

"அதுக்கு என்ன சீக்கு?"

"உண்ணிக் காய்ச்சல். மூக்குல ரத்தம் வருது. மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டு போறேன்."

பக்கத்து சீட்டுப் பெரியவர் திரும்பினார். "ஏளா, கடல்ல முக்கி எடுத்தா உண்ணி செத்துருமே."

"ஊர்ல எல்லாரும் அதத்தான் சொன்னிய. தினமும் முக்குனேன். நாய்தான் நடுங்குச்சு, உண்ணி சௌக்கியமா இருந்துச்சு."

யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

"ஒன் வீட்டு நாயா?" என்றார் பெரியவர்.

"இல்ல, கரையில கெடக்கது."

"ஊர் நாய்க்கா இம்புட்டுப் பாடு?"

"ஞாயித்துக்கிழம கடலுக்குப் போவாம ஊரே கோயில்ல பூசைக்கு நிக்கோம். கரையில கெடக்க வலைக்கெல்லாம் இதுதான் காவல். அப்ப யாரு வீட்டு நாயின்னு நீங்க கேக்கலியே."

பெரியவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

"முத்தையாபுரத்துல செக்கர் ஏறுவாருக்கா. நல்லா மூடி வச்சுக்கோங்க."

"ஏறட்டும். அவருகிட்டயும் சொல்லுதேன்" என்றவள், துண்டை மொத்தமாக உருவித் தோளில் போட்டுக்கொண்டாள்.